டயாலிசிஸ் விலைப்பலகையில் எழுதப்படாதவை

மும்பையில் மாட்டுங்காவில் தொடங்கி முலுண்டு வரை மத்திய ரயில் பாதையை ஒட்டிய பகுதிகளில் விசாரித்துப் பார்த்தால், ஒரு முறை டயாலிசிஸ் (செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை) செய்துகொள்ள ஒன்றுக்கொன்று உறவே இல்லாத விலைகளைச் சொல்வார்கள். அறக்கட்டளைகள் நடத்தும் மையங்களில் சில நூறு ரூபாய்; நடுத்தரத் தனியார் மருத்துவமனைகளில் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம்; பெரிய மருத்துவமனைகளில் அதற்கும் மேல்; மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி பெற்றவருக்குக் கட்டணமே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லா இடத்திலும் நடப்பது ஒன்றே: ஒரு கட்டில், ஓர் இயந்திரம், கையில் இரண்டு ஊசிகள், நான்கு மணி நேரம். ஆகவே விலை குறைந்த இடம் நல்ல இடம் என்றோ, விலை கூடிய இடம்தான் நல்ல இடம் என்றோ குடும்பங்கள் முடிவு செய்துவிடுகின்றன. இரண்டு முடிவுகளுக்கும் அடிப்படை கிடையாது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. மருத்துவ நுகர்பொருள்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் கொள்முதலும் கணக்கும் பார்த்து ஓய்வு பெற்றவன்; இப்போது செம்பூரில் இருந்துகொண்டு, தமிழர்கள் நிறைய வந்துபோகும் ஓர் அறக்கட்டளை மையத்தின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். ஆகையால் இந்தச் சிகிச்சையை நான் பார்ப்பது பெரும்பாலும் விலைப்பட்டியல்களின் வழியாகத்தான். அந்தப் பட்டியல்களிலிருந்து ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. டயாலிசிஸ் சந்தையில் நோயாளி வாங்குபவர் அல்லர். அவருக்காக மருத்துவமனையோ, அறக்கட்டளையோ, அரசோ வாங்குகிறது. அவர்கள் பார்க்கும் விலை ‘ஒரு முறைக்கு இவ்வளவு’ என்ற ஒற்றை எண். அந்த எண்ணை அழுத்தும்போதெல்லாம் நோயாளியின் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மெலிகிறது.

முதலில் இயந்திரத்தைப் பற்றி. 1943-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லம் கோல்ஃப் என்ற மருத்துவர் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கியபோது, இறைச்சிக் குழல்களுக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயைச் சுழலும் உருளை ஒன்றின் மேல் சுற்றி, அதை உப்புநீர்த் தொட்டியில் ஓடவிட்டார். 1945-இல்தான் அவருடைய நோயாளி ஒருவர் முதன்முதலாக உயிர் பிழைத்தார். போர் முடிந்ததும் தம்மிடம் இருந்த இயந்திரங்களை வேறு நாடுகளின் மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தார். இன்றும் இயந்திரம் இலவசமாக வருவது உண்டு, காரணம்தான் வேறு. ஜெர்மனியின் ஃப்ரெசீனியஸ், பி. பிரவுன், ஜப்பானின் நிப்ரோ, நிக்கிசோ, டோரே ஆகியவைதாம் இத்துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். ஒரு மையம் ஒரு நிறுவனத்தின் இயந்திரங்களைப் பல லட்சம் கொடுத்து வாங்கலாம்; அல்லது, மாதத்துக்கு இத்தனை டயாலைசர்களையும் (இரத்தத்தை வடிகட்டும் உருளைகள்) குழாய்த் தொகுதிகளையும் உங்களிடமே வாங்குகிறோம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, இயந்திரத்தைப் பணம் கொடுக்காமலேயே நிறுத்திக்கொள்ளலாம். இதைத் தொழிலில் ‘பிளேஸ்மென்ட்’ என்பார்கள். இயந்திரத்தின் விலை, பல ஆண்டுகளுக்கு டயாலைசரின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேறு நல்ல டயாலைசர் குறைந்த விலையில் வந்தாலும் மையம் மாற முடியாது.

மும்பையில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. இந்த நகரத்தில் தானம் செய்வோருக்குக் குறைவில்லை. ஜைன அறக்கட்டளைகள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், குடும்ப டிரஸ்டுகள் என்று பலரும் டயாலிசிஸுக்குக் கொடுக்கிறார்கள். பிரபாதேவியின் சித்திவிநாயகர் கோயில் அறக்கட்டளைகூடக் குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. இந்த ஈகை இல்லாவிட்டால் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் இருக்கும் நம்மவர்களில் பலர் இரண்டாம் மாதமே சிகிச்சையை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் தானம் எப்போதும் இயந்திரமாகவே வருகிறது. இயந்திரத்தின் மேல் பெயர் பொறித்த தகடு ஒட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், நாடா வெட்டலாம். நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளாண்டின் சவ்வை மாற்றித் தந்தவர் பெயரை எங்கே பொறிப்பது? ஊசிகளுக்கும் பைகார்பனேட் பொடிக்கும் எந்தப் பெயர்த்தகடும் கிடையாது. பத்து இயந்திரங்கள் தானமாக வந்த ஒரு மையம் அவற்றில் ஆறை மட்டும் ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற நான்குக்கு உதிரிபாகம் வாங்கவும், பராமரிப்பு ஒப்பந்தம் போடவும், டெக்னீஷியனுக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் இல்லை. யானையைப் பரிசாகக் கொடுப்பவர்கள் தீனிக்கும் ஏற்பாடு செய்துவிட்டுக் கொடுப்பதில்லை.

அந்தத் தீனியின் பட்டியலில் தலையாயது டயாலைசர். ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகமான பிளாஸ்டிக் உருளை; அதற்குள் பாலிசல்ஃபோன் போன்ற பொருளால் ஆன, முடியைப் போல மெல்லிய, உள்ளீடற்ற இழைகள் பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும். இழைகளுக்குள் இரத்தம், வெளியே எதிர்த்திசையில் சுத்திகரிப்புத் திரவம். இதைத் தவிர இரத்தம் ஓடும் பிளாஸ்டிக் குழாய்த் தொகுதி, ஃபிஸ்டுலாவில் (கையில் தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்து அமைக்கும் இரத்தவழி) குத்தும் ஊசிகள் இரண்டு, சலைன், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், நீரில் கலந்து சுத்திகரிப்புத் திரவம் தயாரிக்க ‘பார்ட் ஏ’, ‘பார்ட் பி’ என்று அழைக்கப்படும் அடர்கரைசல்கள். நாடு முழுக்க எத்தனையோ நிறுவனங்கள் அடர்கரைசல் தயாரிக்கின்றன. அதில் போட்டி கடுமை, லாபம் குறைவு. டயாலைசர் மட்டும் நீண்ட காலம் பெரும்பாலும் இறக்குமதியாகவே வந்தது. நிப்ரோ நிறுவனம் நம் பக்கத்திலேயே, சாத்தாரா மாவட்டத்தில், தொழிற்சாலை அமைத்தது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

டயாலைசரை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும்படிதான் வடிவமைக்கிறார்கள் என்றாலும், நம் நாட்டின் பெரும்பாலான மையங்களில் அதே நோயாளிக்கே அதைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இதைக் கேட்டவுடன் பதறுபவர்கள் உண்டு, பதற வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் பெரும்பான்மை மையங்களில் இதுவே வழக்கமாக இருந்தது. முறையாகச் செய்தால், ஆர்.ஓ. நீரால் கழுவி, இழைகளின் மொத்தக் கொள்ளளவை அளந்து, அது தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் அப்புறப்படுத்தி, இல்லையேல் பெராசெட்டிக் அமிலமோ ஃபார்மலினோ நிரப்பி, நோயாளியின் பெயர் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை இணைப்பதற்கு முன் அந்த இரசாயனம் முழுக்க வெளியேறிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். இந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு வினையும் ஒருவருடைய நேரம். காலை ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் நோயாளிகள் கதவருகே நிற்கும்போது, கொள்ளளவை அளக்கும் வேலைதான் முதலில் விடுபடும். எங்கள் மையத்தில் செல்வராஜ் என்ற பெயரில் இருவர் இருந்தபோது, இருவரின் டயாலைசர்களையும் வேறு வேறு நிறத் தாளால் அடையாளப்படுத்தினோம். அந்தச் செலவு தாளின் விலைதான், ஆனால் அதை யோசித்துச் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் விலைப்பலகையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. டயாலைசரை ஐந்து முறை பயன்படுத்தும் மையமும் பன்னிரண்டு முறை பயன்படுத்தும் மையமும் ஒரே கட்டணத்தை எழுதிவைத்திருந்தால், இரண்டும் விற்பது ஒரே பொருள் இல்லை. கர்நாடக அரசு 2024-இல் தன் மருத்துவமனைகளில் ஒருமுறைப் பயன்பாட்டு டயாலைசருக்கு மாற முடிவு செய்தது. அரசு மொத்தமாக வாங்கும்போது டயாலைசரின் விலை எவ்வளவு இறங்கும் என்பதை விநியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் அறிவேன். கழுவும் இரசாயனம், கழுவும் ஆள், கழுவும் நீர் ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்தால், ஒருமுறைப் பயன்பாடு நாம் நினைக்கும் அளவுக்கு விலையேறியதாக இருக்காது. சிறிய அறக்கட்டளைகள் தனித்தனியே வாங்குவதால்தான் இது எட்டாத கனியாக இருக்கிறது. மும்பையின் அறக்கட்டளை மையங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே கொள்முதல் ஆணை கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு டிரஸ்டும் தனக்குத் தெரிந்த விநியோகஸ்தரிடம்தான் போகிறது.

இனி நீர். இந்தச் சிகிச்சையில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற வழக்கமான வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் திரவம் டயாலைசருக்குள் ஓடுகிறது. நாம் வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் நீரைக் குடல் வடிகட்டித்தான் உள்ளே விடுகிறது. இங்கே இரத்தத்துக்கும் நீருக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. குடிநீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரினும் குளோரமினும் நமக்குத் தீங்கற்றவை. டயாலிசிஸ் நீரில் அவை தங்கிவிட்டால் சிவப்பணுக்கள் உடையும். அதனால்தான் ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் கார்பன் தொட்டி வைக்கிறார்கள். கார்பனுக்கும் ஆயுள் உண்டு. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் சரியாகச் சுத்திகரிக்காத நீர்த்தேக்க நீரை லாரியில் கொண்டுவந்து பயன்படுத்தியதில், நீலப்பசும்பாசியின் நச்சு நோயாளிகளின் கல்லீரலைத் தாக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

மும்பைக்கு பாத்சா, தான்சா, வைதரணா ஏரிகளின் நீர் வருகிறது. அது உப்புக் குறைந்த நல்ல நீர். அந்த வகையில் நாம் சென்னையைவிட அதிர்ஷ்டசாலிகள். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் மாநகராட்சி விநியோகத்தைக் குறைக்கும்போது, குறிப்பாக டோம்பிவிலி, கல்யாண் பக்கத்தில், கட்டடங்கள் டேங்கர் நீருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் மாறுகின்றன. அந்த வாரத்தில் மாடியில் இருக்கும் ஆர்.ஓ. பிளாண்டுக்குள் போகும் நீரின் கடினத்தன்மையை யாராவது அளந்தார்களா என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை. தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து தன் கணவரை அழைத்துக்கொண்டு வரும் திருநெல்வேலிப் பெண்மணி ஒருவர் மட்டும் கேட்டார்: “அண்ணாச்சி, மெஷின் புதுசா பழசான்னு எல்லாரும் பாக்காவ, தண்ணிய யாரு பாக்கா?” அவர் வீடுகளுக்குக் குடிநீர் கேன் போடும் தொழில் செய்பவர். நீர்ப் பரிசோதனை அறிக்கையை அச்செடுத்துக் காத்திருப்போர் அறைச் சுவரில் ஒட்டும் வழக்கம் அதன் பிறகுதான் எங்கள் மையத்தில் வந்தது. பாக்டீரியா எண்ணிக்கையும், எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சின் அளவும் அதில் இருக்கும். புரியாவிட்டாலும் தேதி எல்லாருக்கும் புரியும்.

டெக்னீஷியன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயாலிசிஸ் தொழில்நுட்பத்தில் பட்டயமோ பட்டமோ பெற்றவர்கள் கேரளத்திலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும், மகாராஷ்டிரத்தின் உள் மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். மும்பையின் வாடகையில் அந்தச் சம்பளம் போதாது. இரண்டு ஆண்டு அனுபவம் கிடைத்ததும் வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள். ஃபிஸ்டுலாவில் ஊசி குத்துவது கைப்பழக்கம். ஒரே கை குத்தும் ஃபிஸ்டுலா நீண்ட நாள் உழைக்கும், மாறி மாறிப் புதியவர்கள் குத்துவது சீக்கிரம் கெடும் என்று நோயாளிகளே சொல்வார்கள். ஃபிஸ்டுலா கெட்டால் மறுபடி அறுவை, அதுவரை கழுத்தில் குழாய், அதன் வழியே தொற்று. டெக்னீஷியனின் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைவிட இந்தச் செலவு பல மடங்கு. ஆனால் அதை மையம் கட்டுவதில்லை, குடும்பம் கட்டுகிறது. விலைப்பலகையில் அது வராததற்குக் காரணம் அதுவே.

அரசு இந்தச் சந்தைக்குள் பெரிய அளவில் நுழைந்தது 2016-இல். அந்த ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையில் அருண் ஜெட்லி தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது, ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்புக்குப் புதிதாக ஆளாகிறார்கள் என்றும், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்றும், நாட்டில் ஏறத்தாழ 4,950 மையங்கள் இருந்தும் தேவையில் பாதியே நிறைவேறுகிறது என்றும் கூறினார். ஒரு முறைக்கு 2,000 ரூபாய், ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் என்பது அவர் சொன்ன கணக்கு. கருவியின் சில பாகங்களுக்குச் சுங்க வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டன. அந்த மூன்று லட்சம் என்பது வாரத்துக்கு மூன்று முறை என்ற கணக்கில் வருவது. உண்மையில் நம் நாட்டில் பெரும்பாலோர் வாரத்துக்கு இரண்டு முறைதான் செய்துகொள்கிறார்கள்; உடல் கேட்பது மூன்று, பணம் அனுமதிப்பது இரண்டு.

திட்டத்தின் அமைப்பு இவ்வாறு: மாவட்ட மருத்துவமனை இடமும் மின்சாரமும் நீரும் மருந்தும் தரும், தனியார் நிறுவனம் இயந்திரம், ஆர்.ஓ. பிளாண்ட், டயாலைசர் முதலிய நுகர்பொருள், ஊழியர் ஆகியவற்றைக் கொண்டுவரும். ஒரு முறைக்கு இவ்வளவு என்று அரசு அந்த நிறுவனத்துக்குப் பணம் தரும். ஏழைகளுக்கு டயாலிசிஸைக் கொண்டுசேர்த்ததில் இதற்கு நிகரான ஏற்பாடு இந்தியாவில் முன்பு இருந்ததில்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டெண்டரில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்னும்போது, விலை இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் முட்டுகிறது. இயந்திரம், வட்டி ஆகிய நிலையான செலவுகளைக் குறைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டிலிலும் நாளுக்கு மூன்று ஷிஃப்ட், நான்கு ஷிஃப்ட் ஓட்ட வேண்டும்; டயாலைசரை இன்னும் இரண்டு முறை கூடுதலாகக் கழுவ வேண்டும்; ஒரு டெக்னீஷியனுக்கு மேலும் ஒரு நோயாளியைக் கொடுக்க வேண்டும். அரசிடமிருந்து பணம் தாமதமாக வந்தால் விநியோகஸ்தரின் பாக்கி நிற்கும், அவர் சரக்கை நிறுத்துவார். இந்தச் சங்கிலியை இரண்டு முனைகளிலிருந்தும் பார்த்தவன் நான். சரக்கை நிறுத்துவதாக மிரட்டும் கடிதங்களை முன்பு எழுதியதும் நான்தான், இப்போது அவற்றைப் பெற்றுக்கொள்வதும் நான்தான்.

நிலையான செலவின் கொடுமையை ஹெப்படைடிஸ் பி உள்ள நோயாளிகள்தாம் அதிகம் உணர்கிறார்கள். அவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டும். அந்த இயந்திரத்தில் நாளுக்கு ஒரு நோயாளிதான் கிடைப்பார் என்றால், கணக்குப் பார்க்கும் மையம் ‘எங்களிடம் இடமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடும். அப்படி மூன்று மையங்களின் வாசலைத் தாண்டி வருபவர் எங்கே போகிறாரோ அந்த மையம் நட்டத்தில் நடக்கும். இந்த நட்டத்துக்கு ஈடாகக் கூடுதல் தொகை தரும் ஒரு விதி டெண்டர்களில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஊருக்குப் போவதும் இந்தச் சந்தையின் ஒரு பகுதியே. மும்பைத் தமிழருக்குக் கோயில் கொடையும் கல்யாணமும் திருநெல்வேலியில், தூத்துக்குடியில்; ரயிலில் ஒன்றரை நாள். வாரத்துக்கு இரண்டு முறை செய்பவர் திங்கள்கிழமை சிகிச்சை முடித்து ஏறினால் வியாழனன்று ஊரில் ஒரு கட்டில் உறுதியாக இருக்க வேண்டும். அதற்கு அண்மையில் எடுத்த எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி, ஹெப்படைடிஸ் சி பரிசோதனை முடிவுகளும், மருத்துவர் எழுதிய டயாலிசிஸ் குறிப்பும் கையில் வேண்டும். மாநிலக் காப்பீடு பொதுவாக மாநில எல்லையைத் தாண்டுவதில்லை என்பதால் அங்கே பெரும்பாலும் பணம் கொடுத்துத்தான் செய்துகொள்ள வேண்டும். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் தொடர் நிறுவனங்கள் இந்த இடத்தில் சிறிய மையங்களைவிட மேலானவை. ஒரே நிறுவனத்தின் இன்னொரு கிளையில் பதிவு செய்துகொள்ள முடிகிறது.

அந்தத் தொடர் நிறுவனங்களின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரமாகப் பொருத்தக்கூடிய டெஃப்லான் குழாயை உருவாக்கியதும், நாள்பட்ட நோயாளியை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர் என்பதால் யாருக்குக் கட்டில் என்று முடிவு செய்ய ஒரு குழுவே அமைத்தார்கள். 1972-இல் அந்நாட்டு அரசு சட்டம் இயற்றி, 1973 ஜூலை முதல் ஏறக்குறைய எல்லா டயாலிசிஸ் நோயாளிகளின் செலவையும் ஏற்றது. வாடிக்கையாளர் உறுதி, பணம் கொடுப்பவர் அரசு என்றதும் முதலீடு குவிந்தது. 1996-இல் ஃப்ரெசீனியஸ் அமெரிக்காவின் மிகப்பெரிய மையத் தொடரை வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, இயந்திரம் செய்பவரே சிகிச்சையும் விற்பவர் ஆனார். இன்று அந்நாட்டு நோயாளிகளில் பெரும்பான்மையோர் ஃப்ரெசீனியஸ், டாவிட்டா என்ற இரண்டு நிறுவனங்களின் கட்டில்களில்தான் படுத்திருக்கிறார்கள். டாவிட்டா இந்தியாவுக்கும் வந்து, நம் விலையில் தொழில் நடத்துவது கடினம் என்றானபின், 2018-இல் தன் இந்தியக் கிளைகளை ஹைதராபாத்தின் நெஃப்ரோபிளஸ் நிறுவனத்திடம் விட்டுச் சென்றது. நெஃப்ரோபிளஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கமல் ஷா தாமே நீண்ட கால டயாலிசிஸ் நோயாளி. அதன் தாய் நிறுவனத்தின் பங்குகள் 2025 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தன. நோயாளியின் பார்வை அதன் தொடக்கத்தில் இருந்தது உண்மை. காலாண்டு லாபம் கேட்கும் பங்குதாரர்கள் வந்தபின் அது எவ்வளவு நிலைக்கும் என்பதை டயாலைசர் எத்தனை முறை கழுவப்படுகிறது என்ற எண்ணிலிருந்து நாமே தெரிந்துகொள்ளலாம், கேட்டால் சொல்வார்கள் என்றால்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வயிற்றுவழி டயாலிசிஸ் இங்கே ஏன் வளரவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டு லிட்டர்ப் பையைத் தொப்புளுக்கு அருகே பொருத்திய குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றி, நாளுக்கு நான்கு முறை மாற்ற வேண்டும். மாதத்துக்கு 120 பைகள், 240 கிலோவுக்கும் மேல் எடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறையில், மும்பைப் பேச்சில் ‘கோலி’யில், ஐந்து பேர் படுக்கும் வீட்டில் இவ்வளவு பெட்டிகளை எங்கே அடுக்குவது என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதுவே முழுக் காரணம் என்றால், மும்பையைப் போலவே இட நெருக்கடி மிகுந்த ஹாங்காங்கில் 1985 முதல் இதையே முதல் சிகிச்சையாகத் தரும் கொள்கை நடந்திருக்காது. அங்கே அரசு மொத்தமாக வாங்கிப் பையின் விலையைக் குறைத்தது. செவிலியர்கள் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே இயந்திரத்தில் முதலீடு செய்துவிட்ட மருத்துவமனைக்கு, வீட்டுக்குப் போய்விடும் நோயாளியால் வருமானம் இல்லை. மத்தியத் திட்டம் 2019-இல் வயிற்றுவழி டயாலிசிஸையும் சேர்த்துக்கொண்ட பிறகும் எங்கள் பக்கத்தில் பெரிய மாற்றத்தை நான் பார்க்கவில்லை.

பைகளைத் தயாரிப்போர் சிலரே என்பதும் ஒரு தடை. நீண்ட காலம் இதில் முன்னணியில் இருந்த பாக்ஸ்டர், தன் சிறுநீரகப் பிரிவைத் தனியே பிரித்து வான்டிவ் என்று பெயரிட்டு, 2025 தொடக்கத்தில் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 செப்டம்பரில், ஹெலீன் புயல் வெள்ளம் வட கரோலினாவில் இருந்த பாக்ஸ்டர் ஆலைக்குள் புகுந்தபோது, அமெரிக்காவில் வயிற்றுவழி டயாலிசிஸ் திரவத்துக்கே தட்டுப்பாடு ஏற்பட்டது. ஹெப்பாரினிலும் இதே கதையை 2008-இல் பார்த்தோம்: பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் அந்த மருந்தின் மூலப்பொருளில் சீனாவில் கலப்படம் நடந்து, உலகின் பல நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒவ்வாமை ஏற்பட்டுச் சிலர் இறந்தனர். மலிவாகக் கிடைக்கும் இடத்தில் எல்லாரும் ஒன்றாகப் போய் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

இந்தச் சந்தை எதைக் கண்டு அஞ்சுகிறது என்பது 2023 அக்டோபரில் ஒரே நாளில் தெரிந்தது. செமாக்ளுடைட் என்ற நீரிழிவு மருந்து சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகிறதா என்று பார்த்த ஆய்வை, பலன் தெளிவாகிவிட்டதால் முன்கூட்டியே நிறுத்துவதாக நோவோ நார்டிஸ்க் அறிவித்தவுடன், ஃப்ரெசீனியஸ், டாவிட்டா இரண்டின் பங்கு விலையும் கடுமையாகச் சரிந்தன. நோயாளிகளுக்கு வந்த நல்ல செய்தி, கட்டில் விற்பவர்களுக்குக் கெட்ட செய்தியாக இருந்தது. நமக்கு அதைவிட அருகில் இருப்பது டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு நீரிழிவு மருந்து. சிறுநீரகத்தைக் காப்பதில் அதன் பயன் 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் உறுதியானது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் அதன் காப்புரிமையும் முடிந்து, பல நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கத் தொடங்கின. ஒரு மாதத்துக்கான அந்த மாத்திரைகளின் விலை, தனியார் மருத்துவமனையில் ஒரே ஒரு டயாலிசிஸின் விலையைவிடக் குறைவு. எல்லாருக்கும் அது பொருந்தாது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று தெரிந்தால்தான் மருத்துவரிடம் அந்தப் பேச்சையே தொடங்க முடியும்.

சயான், தாராவி, ஆண்டாப் ஹில் பகுதிகளில் நம் சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் அல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் இரத்தக் கிரியாட்டினினும் பட்டியலில் இருப்பதில்லை. அடுத்த முகாமில் நாற்பது வயது கடந்த நீரிழிவு நோயாளிகளுக்கு மட்டுமாவது இரண்டையும் சேர்க்கலாம் என்று ஒரு சங்கத்திடம் பேசியிருக்கிறேன். ஆய்வகத்திடம் மொத்த விலை கேட்டிருக்கிறோம். இயந்திரம் ஒன்று வாங்கித் தருவதாக முன்வந்த ஒரு கொடையாளரிடம், அந்தத் தொகையை இதற்குத் திருப்பிவிட முடியுமா என்று கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். முகாமின் பதாகையில் தம் தந்தையாரின் பெயர் வருமா என்று மட்டும் விசாரித்தார். வரும் என்று சொல்லிவிட்டேன்.